தப்பு நோட்டு

அவர் கத்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கத்தினால்கூடப் பரவாயில்லை என்று பாடகர் குழுவில் எல்லோரும் நினைத்திருக்கிறோம். ஒத்திகையில் யாராவது தப்பாகப் பாடினால் ஆர்கனிலிருந்து கைகளை எடுப்பார். இடது கைச் சுண்டுவிரலை மட்டும் கொஞ்சம் தூக்குவார். பாட்டு நின்றுவிடும். ஆர்கனுக்குள் காற்று ஓடுகிற உஸ்ஸென்ற சத்தம் மட்டும் கேட்கும். முகத்தைத் திருப்பாமலே, "கேட்டுச்சு" என்பார். பிறகு பக்கத்திலிருக்கும் நீளமான நோட்டைத் திறந்து, ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சிலால் என்னவோ எழுதுவார். எழுதி முடித்ததும், "விட்ட எடத்துல இருந்து" என்பார். நாங்கள் விட்ட இடத்திலிருந்து பாடுவோம்.

மதுரையில் எங்கள் தேவாலயத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆர்கன் வாசித்தவர் அவர். பாடகர் குழுவை நடத்தினார். பாட்டும் எழுதினார். அவர் எழுதிய ஒன்பது நோட்டுகள் இப்போது சபை அலுவலகத்தில் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அதைக் காட்டுகிறார்கள். அவர்களும் குனிந்து பார்த்து, என்ன அழகான கையெழுத்து என்கிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். நாங்கள் அதைத் தப்பு நோட்டு என்போம்.

ஒல்லியாக, உயரமாக இருப்பார். முழுக்கை வெள்ளைச் சட்டையில் மணிக்கட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றமாட்டார். ஆர்கனுக்குக் கால்கட்டைகள் உண்டு. அவற்றை மிதிப்பதற்கென்றே மெல்லிய அடி வைத்த கறுப்பு ஷூ ஒரு ஜோடி வைத்திருந்தார். அதை ஜவுளிக்கடைப் பையில் போட்டு மொபெட்டில் மாட்டிக்கொண்டு வருவார். யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டெனர் ஒண்ணு", "சொப்ரானோ ரெண்டு" என்று, என்ன குரல், வரிசையில் எத்தனையாவது ஆள் என்பதை வைத்துத்தான் கூப்பிடுவார். புதிதாகச் சேர்ந்த ஒருவர், "எனக்குன்னு ஒரு பேரு இருக்கு ஐயா" என்று சொல்லிப் பார்த்தார்.

"பேரு எதுக்கு? சத்தம் எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சா போதும்."

நான் ஆல்டோ மூணு; பெண்களின் கீழ்க்குரல் வரிசையில் மூன்றாவது ஆள்.

சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. பத்தாவதோடு நிறுத்திவிட்டு வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். விடுதியில் படித்த காலத்தில் சோல்ஃபா கற்றுக்கொடுத்திருந்தார்கள். சுரங்களை டோ, ரே, மீ, ஃபா, சோ, லா, டீ என்று எழுத்தாகவே எழுதிப் படிக்கிற முறை அது. ஐந்து கோடு போட்டு எழுதுவது எனக்குத் தெரியாது. அவரும் ஆர்கனுக்குக்கூடச் சோல்ஃபாவில்தான் எழுதினார். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவருக்கும் தாள் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார். ஜெராக்ஸ் அவருக்கு ஆகாது.

"மெஷினு எல்லாத்தையும் ஒரே மாரி எடுத்துரும். கையால எழுதுனாத்தான் எழுதுறவ லட்சணம் தெரியும்" என்றார்.

நோட்டில் அவர் என்ன எழுதுகிறார் என்பது எங்களுக்கு முதலில் தெரிந்தது டெனர் ஒண்ணால். அவர் தல்லாகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். கிறிஸ்துமஸ் ஆராதனையில் உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடிக்கப் போய் வழுக்கிவிட்டார். படியில் கால் வழுக்கியவர் சட்டென்று கைப்பிடியைப் பிடிப்பதுபோல அவசரமாக மேலே ஏறிக்கொண்டார். ஒரு வினாடிகூட இருக்காது. சபையில் யாரும் கவனிக்கவில்லை.

ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே போகும்போது ஆர்கனில் ஒரு சின்ன இசைத் துண்டு வாசிப்பது எங்கள் சபை வழக்கம். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக எழுதியது ஒன்றை வாசித்தார். மெதுவாக, அவ்வளவு இனிமையாக ஆரம்பித்தது. பத்துப் பதினைந்து கட்டம் போனதும் ஒரு சுரம் வழுக்கியது. வழுக்கி, அவசரமாக ஏறியது. பிறகு இடது கையில் வழுக்கியது. பிறகு கால்கட்டையில், யானை வழுக்குவதுபோல. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டெனர் ஒண்ணு யாரையும் பார்க்கவில்லை.

வாசலில் டெனர் ஒண்ணின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். "இன்னைக்கி ஐயா என்னமா வாசிச்சாரு! நெஞ்சே கரைஞ்சு போச்சுங்க" என்றார். "ஆமா" என்று சொல்லிவிட்டு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போன டெனர் ஒண்ணு, சாவியைப் போட்டும் திருகாமல் ரொம்ப நேரம் நின்றார்.

அடுத்த ஒத்திகையில் கேட்டேவிட்டார்.

"ஐயா, அது என்னோடது தான?"

"எது?"

"அந்த வழுக்குறது."

"நீ கீழ போட்டுட்டுப் போன. நான் எடுத்து வச்சேன். எடுத்து வச்சவனுக்குத்தான் சொந்தம். விட்ட எடத்துல இருந்து."

இதில் கொடுமை என்னவென்றால், அந்தத் துண்டு உண்மையிலேயே நன்றாக இருந்தது. அவர் தானாக யோசித்து எழுதிய பாட்டுகளும் உண்டு. சுத்தமாக இருக்கும், உயிர் இருக்காது. யாராவது தப்புச் செய்தால்தான் அவருக்குப் பாட்டு வந்தது. தப்புக்காக அவர் காத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம். காத்திருந்தும் கிடைக்காவிட்டால் சும்மா இருக்கமாட்டார் என்பதை மேலூரிலிருந்து வந்த பேஸ் ரெண்டு விஷயத்தில் பார்த்தோம்.

பேஸ் ரெண்டு கல்குவாரியில் வேலை பார்த்தவர். ஒரு முறை பாடினால் மனதில் ஏறிவிடும். ஆறு மாதம் ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை. ஆர்கனிஸ்ட்டுக்கு அது பொறுக்கவில்லை. குருத்தோலை ஞாயிற்றுக்கு ஒரு பாட்டு எழுதி, பேஸ் குரலை அதன் உச்சிவரை ஏற்றினார். பேஸ் ரெண்டு ஒத்திகை எல்லாவற்றிலும் அதைப் பிடித்துவிட்டார். சோல்ஃபாவில் எழுத்து மாறாது. டோ எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை ஆர்கன்தான் சொல்லும். குருத்தோலை ஞாயிறு அன்று ஆர்கனிஸ்ட், ஒத்திகையில் வாசித்ததைவிட உயரத்தில் பாட்டை எடுத்துக் கொடுத்தார். எங்களுக்குத் தெரிவதற்குள் பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. உச்சியில் அந்த மனிதரின் தொண்டை கிழிந்தது. ஜெபத்துக்காக எல்லோரும் தலை குனிந்தபோது ஆர்கன் பக்கமிருந்து மெல்ல, "கேட்டுச்சு" என்று வந்தது.

பேஸ் ரெண்டு அங்கியை மடித்து என்னிடம் கொடுத்தார். பாடகர் குழுவின் அங்கிகள் எல்லாம் நான் தைத்தவை.

"கல்லுல எங்க விரிசல் இருக்குன்னு பாத்து உளி வப்போம்க்கா. இந்தாளு விரிசல் இல்லாத கல்லா பாத்து வக்கிறாரு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு வரவேயில்லை.

சொப்ரானோ ஒண்ணின் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் அதைச் சொல்லாமல் அவரைச் சொன்னதாக ஆகாது. ஈஸ்டர் விடியற்காலை ஆராதனையில் அவள் குரல் ஓரிடத்தில் கிறீச்சிட்டது. சளி பிடித்திருந்தது, வேறொன்றுமில்லை. ஆறு மாதம் கழித்து அவளுக்குக் கல்யாணம். மணப்பெண் உள்ளே வரும்போது வாசிக்க அவரே புதிதாக ஒன்று எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அவளுக்குக் கால் தரையில் படவில்லை. "எனக்குன்னே எழுதிருக்காராம்க்கா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் தலையில் போட்டிருந்த நெட்டும் நான் தைத்ததுதான். அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

நாலாவது அடியில் அவள் நின்றாள். ஆர்கனில் அந்தக் கிறீச் வந்துவிட்டது. மணிமணியாக, அலங்காரமாக, மேலே மேலே வந்துகொண்டிருந்தது. மணப்பெண் வெட்கப்படுகிறாள் என்று ஜனங்கள் சிரித்தார்கள். அவள் தலையைத் திருப்பாமல், "அக்கா, இது நானு" என்றாள்.

"நட" என்றேன். வேறு என்ன சொல்ல? மாப்பிள்ளையின் அம்மா சாப்பாட்டுப் பந்தியில், "பொண்ணு கொடுத்து வச்சவ. இம்புட்டு நல்ல பாட்டோட எந்த ராணி நடந்தா?" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னுடையது பெரிய வெள்ளி. மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஆறாவது முடிந்ததும் நாங்கள் பாட வேண்டும். நடுவில் எட்டு எண்ணிக்கை மௌனம். சோல்ஃபாவில் மௌனத்துக்கு எழுத்துக் கிடையாது. இடம் விட்டிருக்கும், அந்த வெற்றிடத்தை மனதுக்குள் எண்ணிக் கடக்க வேண்டும். தாள்களை நான்தான் எழுதினேன். என்னுடைய தாளில் மட்டும் வரி ஓரத்தில் இடம் போதாமல் ஒரு வெற்றிடத்தை விட்டுவிட்டேன். ஒத்திகையில் மற்றவர்களின் மூச்சைக் கேட்டே சேர்ந்துகொண்டதால் தெரியவில்லை. அன்றைக்குத் தாளை நம்பினேன். அவ்வளவு பெரிய கோவிலில், அத்தனை பேர் தலை குனிந்திருக்க, என்னுடைய "ஆ" மட்டும் தனியாகப் போய் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பேருந்தில் நடத்துநரிடம் சில்லறை கேட்கக் கூசுகிறவள் நான்.

அவர் அன்று "கேட்டுச்சு"கூடச் சொல்லவில்லை. அடுத்த ஒத்திகையில் சொல்வார் என்று பார்த்தேன். அதற்கடுத்ததிலும் பார்த்தேன். மாதங்கள் போயின. மறந்துவிட்டார் என்று நம்பக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

அறுப்பின் பண்டிகை வந்தது. பூசணிக்காயும் வாழைத்தாரும் கோழியுமாக ஜனங்கள் கொண்டுவந்து பீடத்தின் கீழே வைத்திருந்தார்கள். ஆராதனை முடிந்து ஆர்கன் ஆரம்பித்தது. மென்மையாக வந்து நின்றது. மௌனம். என் உடம்பு தானாக எண்ண ஆரம்பித்தது. ஏழில் ஒற்றைச் சுரம் மூக்கால் அழுவதுபோல வந்து நின்றது. பிறகு முழு ஆர்கனும் ஒரு கூட்டம் சிரிப்பதுபோல அதன்மேல் விழுந்தது. மறுபடி மௌனம். மறுபடி ஏழில். அந்த மௌனத்துக்குள் கட்டிப்போட்டிருந்த சேவல் ஒன்று பதில் சொல்வதுபோலக் கூவியது. சபையே சிரித்தது. குழுவில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த வருஷம் அந்தத் துண்டுக்குள் சேவலும் இருந்தது.

அன்றிலிருந்து நான் பாடவில்லை. அங்கி போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பேன், வாயை அசைப்பேன். மூன்றாவது வாரமே சுண்டுவிரல் உயர்ந்தது. "ஆல்டோ மூணு பாடல. கேட்டுச்சு" என்றார். பாடாததும் அவருக்குக் கேட்டது. பிறகு என்னை வரிசையிலிருந்து எடுத்து, ஆர்கன் பக்கத்தில் பக்கம் புரட்ட நிறுத்தினார். நோட்டுகளைச் சுத்தப் பிரதி எடுக்கவும் சொன்னார். "ஆல்டோ மூணு, பெரிய வெள்ளி" என்று சிவப்பில் தலைப்பிட்டு அந்தத் துண்டையும் நானே எழுதினேன். ஏழுக்குப் பதிலாக எட்டு வெற்றிடம் விட்டால் என்ன என்று தோன்றியது. பயமாக இருந்தது, விடவில்லை.

"பாட்டுப் பாடப் போறேன்னு போயி ஊருக்கெல்லாம் அங்கி தச்சுட்டு வர்ற" என்பார் என் வீட்டுக்காரர். ஏன் விலகவில்லை என்று அவர் கேட்டதில்லை. நான் விலகாததற்கு ஒரே காரணம்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஆர்கனிஸ்ட்டை அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். தன்னுடைய தப்பை ஊர் நடுவில் உட்கார்ந்து அவர் கேட்க வேண்டும். அதற்காக அவர் கையைப் பார்த்துக்கொண்டே பக்கம் புரட்டினேன். அந்தக் கை தப்பு செய்யவில்லை.

வீட்டிலும் அவர் அப்படித்தான். ஒரு முறை நோட்டு வாங்கப் போனபோது அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அஞ்சாவது நோட்டுல 'வீடு'ன்னு ஒண்ணு இருக்கா? பாத்தியா? அது என் இருமலு. டிபி வந்து கெடந்தேன்ல, அப்ப எழுதுனது." பிறகு, "எம்புட்டு எடம் இருக்கு பாரு, ஒரு எடத்துலயாச்சும் என்னய எழுதிருக்காரு" என்று சிரித்தார். நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவருக்குப் பக்கவாதம் வந்தபோது நான் சேர்ந்து இருபத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சுக் குழறியது. கொஞ்சம் தேறியதும் சபையில் நன்றி ஆராதனை வைத்தார்கள். செயலர் குனிந்து, "ஐயா, ஒரே ஒரு பாட்டு மட்டும்" என்று கெஞ்சினார். இரண்டு பேர் தாங்கி ஆர்கன்முன் உட்கார வைத்தார்கள். நான் வழக்கம்போலப் பக்கத்தில் நின்றேன்.

எல்லோருக்கும் தெரிந்த எளிய ஞானப்பாட்டுத்தான். வலது கை ஓடியது. இடது கை ஈரத்துணிபோலக் கட்டைகளின்மேல் இழுபட்டது. சுரங்கள் தாமதமாக வந்தன, ஒட்டிக்கொண்டு வந்தன, வராமலும் போயின. கடைசியில் பாட்டு வந்து சேர வேண்டிய இடம் டோ. இடது கைச் சுண்டுவிரல் அதில் விழ வேண்டும். எங்களை முப்பது வருஷம் நிறுத்திய அதே சுண்டுவிரல். அது பக்கத்துக் கட்டையில், டீயில் விழுந்தது. வலது கையின் டோவோடு அது உரசிய உரசலில் பல் கூசியது. விரலை எடுக்க அவரால் முடியவில்லை.

சபை முழுக்க ஸ்தோத்திரம் சொல்லி அழுதது. அவர் என்னைப் பார்த்தார். "கேட்டுச்சு" என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்த வார்த்தை என் வாய்க்குள் இருந்தது அவருக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனதும் அளவு வெட்டுகிற பழுப்புத் தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு சுரம் விடவில்லை. "என்ன, புது டிசைனா?" என்றார் வீட்டுக்காரர். "ஆமா" என்றேன்.

நேரம் தானாக வந்தது. சபை நாளில் அவருடைய துண்டுகளை வாசிக்க முடிவு செய்தார்கள். செயலர் என்னிடம், "தங்கச்சி, ஐயா நோட்டு ஒனக்குத்தான் அத்துபடி. நல்லதா ஒரு பத்து எடுத்துக் குடு. அவரு காதாலயே கேக்கட்டும்" என்றார்.

மற்றவர்களுடைய தப்புகளைத் தொடவில்லை. அவருடைய சுத்தமான, உயிரில்லாத பாட்டுகளில் ஒன்பதை எடுத்தேன். ஒன்பதாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில், அவர் கையெழுத்தைப் போலவே, "ஆர்கன், நன்றி ஆராதனை" என்று சிவப்பில் தலைப்பிட்டு நீலத்தில் எழுதினேன். கடைசி எழுத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு எழுதி முடித்தேன்.

"இத எப்ப எழுதுனாரு?" என்றார் செயலர்.

"ஒடம்பு முடியாமப் போன பெறகு."

சபை நாள் அன்று முன்வரிசையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புதிய ஆர்கனிஸ்ட் ஒன்பதையும் வாசித்து முடித்து, ஐயாவின் கடைசிப் படைப்பு என்று அறிவித்தார். நான் எதிர்ப்பக்கம் நின்று அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கட்டத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கழுத்து விறைத்தது. இழுபட்ட சுரம், ஒட்டிய சுரம், வராத சுரம் எல்லாம் வரிசையாக வந்தன. சபை கண்ணீர் விட்டது. அவருடைய வலது கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. இத்தனை வருஷமாக நான் கேட்டது அதுதான். கிடைத்தது. கடைசிச் சுரம் வந்தபோது மட்டும் அவர் தலை சட்டென்று நிமிர்ந்தது.

ஜனங்கள் பிரியாணிக்குப் பந்தலுக்குப் போய்விட்டார்கள். அவர் மனைவி வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"ஆல்டோ மூணு."

"ஐயா."

"நோட்டக் கொண்டா."

மடியில் வைத்தேன். வலது கையால் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். விரல் நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போனது.

"இது என்ன?"

"லா, ஐயா."

"நான் என்ன வாசிச்சேன்?"

நான் அந்த எழுத்தையே பார்த்தேன்.

"கேட்டுச்சா, கேக்கலையா?"

"கேட்டுச்சு. டீ."

"அப்பறம் ஏன் லா?"

டீ என்று எழுதினால் அந்த உரசல் திரும்ப வரும். அடியில் லா இருந்தால் துக்கம் மாதிரி இனிமையாக முடியும். பழுப்புத் தாளில் டீ என்றுதான் எழுதியிருந்தேன். நோட்டில் எழுதும்போது கை வரவில்லை.

"பாவமா இருந்துச்சு, ஐயா."

வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரித்தாரா என்று தெரியவில்லை.

"எனக்கு ஒருத்தரப் பாத்தும் பாவமா இருந்ததில்ல. அதான் நோட்டு நல்லாருக்கு." பென்சில் கேட்டார். கொடுத்தேன். லாவைச் சிவப்பால் அடித்துவிட்டு, பக்கத்தில் நீலத்தால் டீ என்று எழுதினார். பென்சிலை மடியில் போட்டார். "பாடு."

"ஐயா?"

"எழுதத் தெரியுது, பாடத் தெரியாதா? நான் டோ பிடிக்கிறேன். நீ டீயப் பாடு."

வாயை மூடிக்கொண்டு அவரே டோவைப் பிடித்தார். பேச்சுத்தான் குழறியது. சுரம் கம்பிபோல நேராக நின்றது. காலியான பெஞ்சுகளைப் பார்த்தேன். எதிர்ச் சுவரைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு குரல் வந்தது. டீயைத் தொட்டது, ஒரு வினாடி நின்றது, நடுவில் உடைந்தது.

அவர் டோவை நிறுத்தினார். வலது கை மடியில் பென்சிலைத் தேடியது.